மூதாட்டியர் நினைவும் நாம் பட்ட கடனும்

மரண அறிவித்தல்கள் எழுதப்படும் முறையை வாசகர் கவனித்திருக்கக் கூடும். தெருச்சுவரில் ஒட்டப்படும் துண்டுப் பிரசுரமாயினும், நாளேட்டின் உட்பக்கத்தில் கட்டங்கட்டி அச்சிடப்படுவதாயினும், அவற்றின் வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாகவே காணப்படும். அன்னார் இன்னாருடைய அன்பு மகள், காலஞ்சென்ற இன்னாருடைய அருமை மனைவி, இன்னின்னாருடைய பாசமிகு தாயார், இன்னின்னாருடைய மாமியார், இன்னின்னாருடைய அன்புப் பாட்டி. இறந்தவர் ஆணாயின் ஓய்வுபெற்ற தபாலதிபர் என்றோ பிரபல வர்த்தகர் என்றோ பெயருக்கு முன்னே ஓர் அடைமொழி நிற்கும். பெண்ணாயினும், ஆசிரியையாகவோ தாதியாகவோ இருந்திருப்பின் அதைக் குறிப்பிட மறப்பதில்லை. ஆனால் நமது மலைநாட்டில் எண்பது வயதைக் கடந்து மறையும் மூதாட்டி ஒருத்தி, நாற்பதாண்டு காலம் கொழுந்து பறித்தவள் என்னும் செய்தியை அவ்வறிவித்தல்களிற் காண்பது மிக அரிது. பேரன் பொறியியலாளன் என்பது தெரியவரும். பேத்தி எந்தப் பாடசாலையிற் கற்பிக்கிறாள் என்பதும் தெரியவரும். அவர்களை ஆளாக்கியவள் தன் கைகளால் என்ன செய்தாள் என்பது மட்டும் தெரியவராது.

இதனை அச்சகத்தாரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவதற்கில்லை. வாசகத்தை எழுதிக் கொடுப்பவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. அவர்கள் அவளை நேசித்தவர்கள். அவள் பிரிவினால் உண்மையாகவே கலங்கி நிற்பவர்கள். நேசிக்கிறவர்களே நேசிக்கப்பட்டவளின் வாழ்வில் முக்காற் பங்கை மறைத்து விடுகிறார்கள் என்றால், அங்கே ஆராய வேண்டிய அறப்பிரச்சினை ஒன்று இருக்கிறது. நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த தாயையோ பாட்டியையோ நினைவுகூரும்போது நாம் உண்மையில் எதனை நினைக்கிறோம்? அவளது அன்பை மட்டும் நினைத்து, அவ்வன்பு எத்தகைய நிலைமையில் செலுத்தப்பட்டது என்பதை விட்டுவிடுவது நன்றியுணர்வாகுமா?

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில் புசல்லாவையைக் கடந்து சென்றால் இறம்பொடை வரும். அருவிகளும் சுரங்கவழியும், கீழே கொத்மலை நீர்த்தேக்கத்தின் நீலமும் பயணிகளின் கண்ணைக் கவர்வன. சிறைப்பட்ட சீதையை அனுமன் தேடிய இடம் இதுவென்ற ஐதிகம் இங்கே வழங்குகிறது. சின்மயா மிஷனார் அமைத்த அனுமன் கோயில் மலைமுகட்டில் நின்று, இந்தியாவிலிருந்தும் பேருந்து பேருந்தாக யாத்திரிகர்களை ஈர்க்கிறது. சீதையின் கண்ணீருக்கு இடங்காட்டும் வழிகாட்டிகள் இங்கே பலர் உண்டு. அவ்வைதிகத்தின் மீது எமக்குப் பகையில்லை. ஆனால் அந்த முகட்டிலிருந்து நாற்புறமும் நோக்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும் பச்சை நிறத்துக்குக் காரணமான பெண்கள் எவர் என்று ஒரு யாத்திரிகர் கேட்டால், காட்டுவதற்கு ஒரு கல்லேனும் நம்மிடம் இல்லை. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்ட மரபில் வந்தவர்கள் நாம். கல்லைத் தேர்ந்து, நீர்ப்படுத்தி, நாட்டி, வாழ்த்துவது வரை தொல்காப்பியர் படிமுறை வகுத்துச் சொன்னார். இங்கே நடப்பட்டவை தேயிலைக் கன்றுகள். நட்டவர்க்குக் கல் இல்லை.

சி. வி. வேலுப்பிள்ளை இக்குறையை நன்குணர்ந்தவர். 1954-இல் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட கவிதை நூல், சக்தீ அ. பாலஐயாவின் மொழிபெயர்ப்பில் 'தேயிலைத் தோட்டத்திலே' என நமக்குக் கிடைத்தது. கல்லறையின்றிப் புதையுண்ட முன்னோருக்காக அது இரங்குகிறது. நமது மக்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடித் தொகுத்தவரும் அவரே. அப்பாடல்களுள் மிகப் பலவற்றைக் கட்டியவர்கள் எழுத்தறியாத பெண்களே என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. எழுத்தறிந்து, தோட்டந்தோறும் கூட்டமேடைகளிற் பாடி, பாட்டுகளை அச்சிலும் தந்த மீனாட்சியம்மாள் நடேசய்யரின் பெயர் எஞ்சியது. ஏனைய பெண்களின் பாட்டு எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை.

இவ்விடத்தில் சரித்திர உண்மை ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். மலைநாட்டில் 'பாட்டி' என்னும் உறவே தேயிலையோடு வேரூன்றியது எனலாம். கோப்பிக் காலத்தில் அறுவடைப் பருவத்துக்கு மட்டும் ஆட்கள் தேவைப்பட்டனர். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பெரும்பாலும் ஆண்களே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்து, பருவம் முடிந்ததும் திரும்பினர். வழியில் மாண்டோர் பலர். 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சில ஆண்டுகளில் அழித்தது. கோப்பியின் இடத்தைப் பிடித்த தேயிலையோ பருவம் பார்ப்பதில்லை. வாரத்துக்கு ஒரு முறை துளிர்ப்பதை ஆண்டு முழுவதும் பறித்தாக வேண்டும். பறிக்கும் கை பெண்ணின் கையாக இருந்தாற் கூலி குறையும். எனவே குடும்பம் குடும்பமாக ஆட்களை அழைத்து வந்து, பத்தடிக்குப் பத்தடிக் காம்பராக்களில் நிலையாகக் குடியிருத்தும் தேவை முதலாளிக்கு எழுந்தது. குடும்பம் தங்கியது; பிள்ளைகள் பிறந்தனர்; பெண்கள் லயத்திலேயே மூப்படைந்தனர். இவ்வாறாக, நாம் அன்பின் உருவமென்று போற்றும் அம்மாயியும் அப்பாயியும் இம்மலையில் இருந்தது ஒரு பயிரின் துளிர்ப்பு முறையாலும் ஒரு வர்க்கத்தின் இலாபக் கணக்காலும் தீர்மானிக்கப்பட்டது. இதைச் சொல்வதால் அவர்களது அன்பின் பெருமை குறைந்துவிடாது.

இனி நமது போற்றுதலின் இயல்பை நோக்குவோம். மூதாட்டியைப் பற்றி நாம் சொல்லும் கதைகள் பெரும்பாலும் மூன்று நான்குதாம். அவள் யாவர்க்கும் கடைசியாகவே உண்டாள். அவள் ஒருநாளும் முகஞ் சுளித்ததில்லை. தனக்கென ஒரு சேலை கேட்டதில்லை. அட்டைக் கடிக்கும் மழைக்கும் அஞ்சியதில்லை. இவற்றையெல்லாம் தொகுத்துப் 'பொறுமை' என்றும் 'தியாகம்' என்றும் பெயரிடுகிறோம். இவ்வழக்கம் பழையது. புறத்திணையில் மூதின்முல்லை என்றொரு துறை உண்டு. தந்தையையும் கணவனையும் களத்தில் இழந்த பின்னும் எஞ்சிய ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாயை அது சிறப்பிக்கிறது. கவிதை என்ற அளவில் அதன் ஆற்றலை மறுப்பார் இலர். ஆயினும் பெண்ணின் பெருமையை அவள் இழந்தவற்றைக் கொண்டே அளக்கும் வழக்கத்தை அந்தத் துறையிலேயே காண்கிறோம். போரைத் தொடுத்தவன் எவன், எதற்காகத் தொடுத்தான் என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை.

எம்மை வளர்த்த அம்மாயியைப் பற்றியும் வீட்டிலே இத்தகைய கதை ஒன்று உண்டு. 1973, 74-ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் மலைநாட்டைக் கவ்வியிருந்தபோது, 'எனக்குப் பசியில்லை' என்று சொல்லிச் சொல்லியே அவள் பிள்ளைகளைக் காப்பாற்றினாளாம். அக்கதையைக் கேட்டுக் கண்ணீர் விடாதவர் எம் குடும்பத்தில் இல்லை. ஆனால் அக்கண்ணீரோடு கதை முடிந்து விடுகிறது. கூப்பனுக்குக் கிடைத்த அரிசியும் மாவும் ஏன் சுருங்கின, வேலை நாட்கள் ஏன் குறைந்தன, கிராமத்தானுக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமேனும் இருக்கையில் தோட்டத்தாளுக்கு அதுவும் ஏன் இல்லை, அவ்வாண்டுகளில் பட்டினியால் தோட்டங்களில் நிகழ்ந்த சாவுகளுக்குப் பொறுப்பாளி எவர் என்னும் வினாக்கள் எழுவதற்கு முன்னரே நாம் அவளைத் தெய்வமாக்கி விடுகிறோம். தெய்வத்துக்குப் பசி இல்லையன்றோ! பசியை ஒருத்தியின் குணநலனாக மாற்றிக் காட்டும் சாமர்த்தியம் நமது புகழ்மொழிகளுக்கு உண்டு.

இதற்கு எதிராகச் சில தோழர்கள் கூறுவதையும் அறிவோம். பொறுமை, தியாகம் என்பனவெல்லாம் அடக்குமுறை கற்பித்த அடிமைப் பண்புகளே, அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை, வழியில்லாதவள் செய்ததில் அறத்தைத் தேடுவது வீண் என்பர். இவ்வாதம் முற்போக்கானது போலத் தோன்றும். எமக்கோ அது அரைகுறையாகவே படுகிறது. உணவு குறைவாயிருந்தது அவளது தேர்வன்று. இருந்த உணவை யாருக்கு முதலிற் கொடுப்பது என்பது அவளது தேர்வே. சூழ்நிலை அவள்மீது சுமத்தப்பட்டது. அதனுள் அவள் செய்த தீர்மானங்கள் அவளுக்கே உரியவை. அவற்றையும் பறித்துக்கொண்டு அவளை வெறும் பலியாளாகக் காட்டினால், செக்ரோலில் அவளை ஓர் எண்ணாக எழுதிய கணக்கப்பிள்ளைக்கும் நமக்கும் வேற்றுமை என்ன?

அத்தீர்மானங்களுள் எல்லாமே போற்றத்தக்கவை என்றும் நாம் சொல்ல வரவில்லை. பஞ்ச காலத்தில் தட்டு முதலில் நீட்டப்பட்டது ஆண்பிள்ளைகளுக்கே. மூத்த மகள் மூன்றாம் வகுப்போடு பாடசாலையை விட்டுத் தம்பி தங்கைகளைச் சுமந்தாள். 'பொட்டப்புள்ள பொறுத்துத்தான் போகணும்' என்பது அம்மாயி அடிக்கடி சொன்ன வாக்கு. தான் பட்ட பாட்டைத் தன் மகளுக்கும் முறையாகப் பழக்கி வைத்தாள். அன்புக்குரியவள் என்பதற்காக இதை மறைத்தால், எஞ்சுவது சுவரில் மாலையிட்ட படம் மட்டுமே. நமக்குத் தெரிந்த மனுஷி இல்லாமற் போய்விடுவாள்.

அவளைப் பற்றி வீட்டார் அதிகம் பேசாத செய்தி ஒன்றையே எமது மனம் பெரிதாகக் கொள்கிறது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் ஒவ்வொரு நாளும் மாலையில் வேலை முடிந்து திரும்பியதும், படங்கை அவிழ்க்குமுன்னரே, அடுப்புக்கரியால் குசினிச் சுவரில் ஒரு கோடு இழுப்பாள். முழுப்பேர் விழுந்த நாளுக்கு நெடுங்கோடு. அரைப்பேர் விழுந்த நாளுக்குக் குறுங்கோடு. கொழுந்து நிறுவையில் கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கழித்த இறாத்தல்களுக்குப் பக்கத்திலே புள்ளிகள். சம்பள நாளன்று, கையில் வந்த காசு சுவரின் கணக்கோடு பொருந்தாவிட்டால், கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆபீசு வாசலில் நின்றுகொள்வாள். சத்தம் போட மாட்டாளாம். பதில் வரும் வரை நகரவும் மாட்டாளாம். இரண்டு முறை விடுபட்ட பேர் திரும்பக் கிடைத்தது, பலமுறை கிடைக்கவில்லை. ஆண்டுக்கொரு தடவை லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அக்கணக்கு முழுவதும் வெள்ளைக்கு அடியில் மறைந்து போகும். மறுநாள் மாலை புதிய கோடு ஒன்று விழும். இந்தப் பெண்ணையா நாம் 'முகஞ் சுளிக்காதவள்' என்று ஒரு சொல்லில் முடித்து விடுவது?

அவளுக்குத் தன் வயதும் சரியாகத் தெரியாது. 1939-இல் நேரு இலங்கைக்கு வந்த வருஷம் இடுப்புப் பிள்ளையாக இருந்ததாகத் தன் தாய் சொல்லக் கேட்டிருந்தாள். ஆகவே 1938-ஆம் ஆண்டளவிற் பிறந்தவள் என்று கொள்ளலாம். பிறந்தது இறம்பொடைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்தில். ஆனால் பிறந்த மண் எவருக்குரியது என்பதைத் தீர்மானித்தது சட்டம். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாவதற்கு அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். முறைப்படி மணம் புரிந்தோரின் பிள்ளைகளைப் பொறுத்தவரை, தாய் எங்கே பிறந்தாள் என்று அச்சட்டம் கேட்கவேயில்லை. பாட்டி எங்கே பிறந்தாள், எத்தனை ஆண்டு உழைத்தாள், எந்த மண்ணிற் புதைக்கப்பட்டாள் என்பதையும் கேட்கவில்லை. பாட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்காக ஒரு சமூகமே அலைந்த அந்நாட்களில், பாட்டியிடம் எவரும் ஒரு பத்திரமும் கேட்கவில்லை. அவளால் எதனையும் நிரூபிக்க முடியாதெனச் சட்டம் முன்னதாகவே முடிவு செய்திருந்தது. இந்நாட்டில் தாய்வழியாகவும் பிரஜாவுரிமை பெறலாம் என்ற திருத்தம் வந்தது 2003-இலேதான்.

1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர். பின்னர் 1964 அக்டோபர் 30-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வதற்கு. அந்த மிச்சத்தை 1974-இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. சந்தையில் மூட்டை பிரிப்பவர்களும் இதைவிடச் சற்று யோசிப்பார்கள். ஒரே காம்பராவில் வாழ்ந்த தாய் ஒரு நாட்டுக்கும் மகள் மறு நாட்டுக்கும் உரியவரானார்கள். தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை ஒப்பாரிக் கோச்சி என்பர், மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அப்பெயரையே இட்டார்.

எமது அம்மாயியின் மூத்த மகள் 1976-இல் கணவனோடு அந்த வண்டியில் ஏறிக் கோத்தகிரிக்குப் போனாள். பாட்டனாரும் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றிருந்தார். அம்மாயி மட்டும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு காரணம் சொன்னாள். பசு ஈனட்டும், சின்னவளுக்குப் பேறுகாலம் கழியட்டும், சம்பள நிலுவை வரட்டும். அவளுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று வீட்டார் குறைபட்டனர். எமக்கென்னவோ அவள் முதல் நாளே முடிவெடுத்து விட்டாளென்றுதான் தோன்றுகிறது; சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள் என்பதால் பசுவின் பெயரால் சொன்னாள். 1984-இல் கப்பல் நின்றது. அதன் பின் பத்தொன்பது ஆண்டுகள், கண்ணாற் கண்டிராத இந்தியாவின் பிரஜையாக அவள் இறம்பொடையிலே கொழுந்து பறித்தாள், பேரப்பிள்ளைகளை வளர்த்தாள். 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் அவளை இலங்கைப் பிரஜையாக்கியபோது வயது அறுபத்தைந்து. கோத்தகிரி மகளை அவள் மீண்டும் காணவில்லை. அதற்கு அவள் கொடுத்த விலை எவ்வளவு என்பதைக் கடிதம் வாசித்துக் காட்டிய பிள்ளைகளே அறிவர். ஒரே கடிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொல்வாள்.

வாசகர் விரும்பினால் கணக்கொன்றும் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 15 கிலோ கொழுந்து, ஆண்டுக்கு 250 வேலை நாள், மொத்தம் 40 ஆண்டு என வைத்துக்கொண்டால் 1,50,000 கிலோ பச்சைக் கொழுந்தாகும். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாக வரும். ஆக 33,000 கிலோவுக்கு மேல் தேயிலை. கிலோவுக்கு 400 கோப்பை என்று எண்ணினாலும், ஒருத்தியின் விரல் நுனியிலிருந்து உலகம் குடித்தது ஒரு கோடியே முப்பது லட்சம் கோப்பை. 1927-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆணுக்கு ஒரு வீதம், பெண்ணுக்கு அதனினும் தாழ்ந்த வீதம், சிறுவருக்கு அதனினும் தாழ்ந்த வீதம் என மூன்று படிகளை ஏற்படுத்தியது. ஆணும் பெண்ணும் சம நாட்கூலி பெற்றது 1984-இல், தொழிலாளர் போராடியதன் பின்னர். 1951-இல் பேர் பதிந்து 1991-இல் ஓய்ந்த எம் அம்மாயி, தன் நாற்பதாண்டில் முப்பத்து மூன்று ஆண்டு ஆணிலும் குறைந்த கூலிக்கே பறித்தாள்.

இஃது ஏட்டில் எழுதப்பட்ட உழைப்பு மட்டுமே. எழுதப்படாதது இன்னும் பெரிது. மனித வரலாற்றில் உற்பத்தி இருவகைப்படும், ஒன்று வாழ்க்கைப் பொருள்களின் உற்பத்தி, மற்றொன்று மனிதர்களையே உருவாக்கும் உற்பத்தி என்று எங்கெல்ஸ் 1884-இல் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' நூலின் முன்னுரையில் விளக்கினார். அதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. வைகறையிற் பெரட்டுக்குத் தப்புத் தட்டுமுன் எழுந்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, மாலையில் விறகோடு திரும்பி, இரவு கம்பளியைப் பேரனுக்குப் போர்த்தியவள், தோட்டத்துக்கு அடுத்த தலைமுறைத் தொழிலாளர்களைச் சதக் காசு பெறாமல் உருவாக்கிக் கொடுத்தாள். கங்காணியும் துரையும் கம்பெனியும் வந்து போயினர். 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. 1992-இல் நிருவாகம் மீண்டும் தனியாரிடம் போயிற்று. இவர்களில் எவரது வரவுசெலவுப் புத்தகத்திலும் அந்த வேலைக்கு ஒரு பத்தி இருந்ததில்லை.

பெற்றோர்க்குப் பட்ட கடனைப் பிள்ளைகளால் என்றுமே தீர்க்க இயலாது என்று அரிஸ்டோட்டில் கூறியிருக்கிறார். வள்ளுவரும் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். நாம் அவற்றை மறுக்கவில்லை. ஆனால் கடன் என்று பேசத் தொடங்கியபின் கடனாளி யார் என்பதையும் சரியாக வகுத்துக்கொள்ள வேண்டும். ஊட்டிய சோற்றுக்கும் போர்த்திய கம்பளிக்கும் நாம் கடனாளிகள். அது அன்பினால் பட்ட கடன், அன்பினாலேயே நடந்துகொள்ள வேண்டியது. குறைத்துக் கொடுத்த கூலிக்கும், மறுத்த பிரஜாவுரிமைக்கும், பிரித்த குடும்பத்துக்கும் கடனாளிகள் வேறு. நமது புகழ்மாலைகளிலே இவ்விரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டு, முழுக் கடனும் பேரப்பிள்ளைகளின் மனச்சாட்சிமீது ஏற்றப்படுகிறது. பேரன் வருஷத் திதியை விமரிசையாகச் செய்து தன் பங்கு தீர்ந்ததென்று ஆறுதல் கொள்கிறான். மற்றைக் கடனாளியோ தன் பெயரே குறிப்பிடப்படாமல் கூட்டத்தில் நழுவி விடுகிறான். அன்னையர் தின மேடைகளிலே தோட்டத்து மூதாட்டிக்குப் பொன்னாடை போர்த்தும் பெரியவர்கள் பலர் அந்த இரண்டாவது வரிசையைச் சேர்ந்தவர்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

படித்த பேரப்பிள்ளைகளின் வெட்கத்தைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்துக்கு வெளியே வேலை தேடிய இளைஞன் தன் முகவரியிலிருந்து 'லயம்' என்ற சொல்லை நீக்கியதற்கு நியாயம் உண்டு. நேர்முகத் தேர்வில் அச்சொல் என்ன செய்யும் என்பதை அவன் அனுபவித்து அறிந்தவன். பாட்டியின் தொழிலை மரண அறிவித்தலிலிருந்து நீக்குவதும் அந்தத் தற்காப்பின் தொடர்ச்சியே. அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் விரும்பவில்லை. ஆனால் 2023-இல், இம்மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைந்ததையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையர் வந்த வழியே மக்கள் கால்நடையாகச் சென்றபோது, வெட்கத்துக்குரியவர் யார் என்ற கேள்வி வீதியிலேயே கேட்கப்பட்டு விட்டது. அந்நடையில் வயது முதிர்ந்த பெண்களும் இருந்தனர். அவர்களுக்குத் தம் தாயின் வழி எது என்பதில் ஐயம் இருக்கவில்லை.

இத்தனையும் மறைந்தவர்களைப் பற்றியவை. உயிரோடு இருப்பவர்களின் நிலைமை வேறு விதமாக இருப்பின் நாம் இதை எழுதியிருக்க மாட்டோம். கற்பிக்கிற நமக்கு அறுபது வயதில் ஓய்வு, அதன்பின் உயிருள்ளவரை மாதந்தோறும் ஓய்வூதியம். நாற்பதாண்டு பறித்தவளுக்கோ ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஒரே தொகையாக ஒருமுறை வரும். அது மகளின் கல்யாணத்துக்கோ, அடகு மீட்கவோ, கூரைத் தகரத்துக்கோ போய்விடும். அதன்பின் மாதம் என்று ஒன்று அவளுக்கு இல்லை. கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கவும், மரக்கறித் தோட்டத்திற் களை பிடுங்கவும் எழுபது வயதிலும் அவள் போகிறாள். இதற்கிடையில், 1980-கள் தொட்டு மகள்மார் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கியதிலிருந்து, இரண்டாம் முறையும் தாயாகும் கடமை அவள் தலையிலே விழுந்திருக்கிறது. ஒருமுறை பிள்ளை வளர்த்து முடித்தவள் மூட்டு வலியோடு மறுபடியும் பால்மாக் கரைக்கிறாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு நமது பாடசாலைகளுக்கு வருபவர்களில் கணிசமானோர் இவர்களே. விறகுக் கட்டைப் படலையோரம் சாய்த்து வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு குழந்தையோடு வகுப்பறை வாசலில் நிற்பார்கள். படிவத்திலே தாய், தந்தை, பாதுகாவலர் என்று கட்டங்கள் உண்டு. அவர்களது கைநாட்டு மூன்றாவது கட்டத்தில் விழும். அதற்கு அடுத்த கட்டம் பாதுகாவலரின் தொழில். என்ன எழுதட்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்:

"ஒண்ணுமில்லீங்க டீச்சர், சும்மாதான் இருக்கேன்."